பிடித்தத்துக்கு முன்பா, பின்பா? தசமபாகம் பற்றிய ஒரு விவாதம்

மளிகைக்கடைக்காரன்:
அன்றாட வாழ்வில் கிறிஸ்துவின் சீடராக இருப்பது எப்படி என்று சென்ற வாரம் ஒரு சகோதரி கேட்டதற்கு, நெல்லை ஊழியன் அவர்கள் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போனார்கள். “வருங்கால வைப்பு நிதிக்கு (பி.எஃப்.) பிடிப்பதற்கு முன்புள்ள முழுச் சம்பளத்தில் தசமபாகம், அதாவது பத்தில் ஒன்று, ஆலயத்துக்குக் கொடுக்காதவன், வேதத்தில் மல்கியா 3:8 சொல்லுகிறபடி தேவனை வஞ்சிக்கிறவன், அவன் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வந்தாலும் சீடன் அல்லன்” என்பது அந்தத் தீர்ப்பு. மூன்று நாளாக அது என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. காலை ஐந்தரைக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு அடைக்கிறேன். தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டி எடை குறைக்கும் வேலையை நானும் செய்ததில்லை, என் தகப்பனாரும் செய்ததில்லை. கொடுக்க வழியில்லாதவர்களின் கடன் பக்கத்தை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நோட்டிலிருந்து கிழித்துவிடுகிறேன். சீடனா என்று அறிய இதையெல்லாம் ஒருவரும் கேட்பதில்லை. சம்பளச் சீட்டைத்தான் கேட்கிறார்கள். என்னிடம் சம்பளச் சீட்டே கிடையாது. ஒரு நாள் நாற்பதாயிரம் ரூபாய்க்கு விற்றால், கொள்முதலும் வாடகையும் மின்கட்டணமும் போக இரண்டாயிரத்து ஐந்நூறு நிற்கும். முழுத் தொகையில் பத்தில் ஒன்று என்றால் அன்றைக்கு நாலாயிரம் கொடுக்க வேண்டும். இதற்கு ஐயா பதில் சொல்லட்டும்.

நெல்லை ஊழியன்:
கடைக்காரச் சகோதரருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கொள்முதல் பணம் உங்கள் வருமானம் அல்ல. அது மொத்த வியாபாரியின் பணம், உங்கள் கல்லாவில் ஒரு இரவு தங்கிப் போகிறது, அவ்வளவுதான். அதில் தசமபாகம் கொடுக்க நான் சொன்னதே இல்லை. நான் சொன்னது பி.எஃப். பிடித்தத்தைப் பற்றி. அந்தப் பணம் யாருடையது? உங்கள் பெயரில், வட்டியோடு, ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து நிற்கிற உங்கள் பணம். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 40,000 வாங்குகிற ஒருவருக்கு 12 சதவீதம், அதாவது 4,800 ரூபாய் பிடிக்கிறார்கள். அதில் பத்தில் ஒன்று 480 ரூபாய். மாதம் 480 ரூபாயை ஆண்டவருக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாதவர், சிலுவையை எடுத்துக்கொண்டு பின்செல்லுவேன் என்று எந்த வாயால் பாடுகிறார்? லேவியராகமம் 27:32-ஐ எடுத்து வாசியுங்கள். மேய்ப்பனுடைய கோலின்கீழ் மந்தை முழுவதும் கடந்துபோக வேண்டும். பத்தாவது வருகிற உயிர் கர்த்தருக்குரியது. மந்தையில் பன்னிரண்டு குட்டிகளைப் பக்கத்துப் பட்டியில் அடைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் கோலின்கீழ் நடத்துகிறவனை என்னவென்று சொல்வீர்கள்? “உன் எல்லா விளைவின் முதற்பலனாலும்” என்று நீதிமொழிகள் 3:9 சொல்லுகிறது. முதற்பலன் என்றால் எல்லாம் பிடித்தது போக மிஞ்சியது அல்ல. நான் 34 ஆண்டு அரசுப் பணியில் இருந்தேன், ஒரு மாதம்கூட இந்தக் கணக்குத் தவறியதில்லை. 34 குறிப்பேடுகள் இன்றும் என் அலமாரியில் இருக்கின்றன.

இரவுப்பணிச் செவிலி:
அந்தக் கேள்வியைக் கேட்ட சகோதரி நான்தான். பத்து ஆண்டாகத் தனியார் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிறேன். நோயாளியிடம் எரிந்து விழாமல் இருப்பது எப்படி, பணி முடிந்து பேருந்தில் தூங்கிவிழும்போது ஜெபிப்பது எப்படி, விசுவாசத்தில் இல்லாத என் கணவர் மனம் நோகாதபடி ஞாயிறு ஆராதனைக்குப் போவது எப்படி என்றுதான் கேட்டேன். எனக்கு வந்த பதில் 480 ரூபாய். ஐயா அவர்களே, எங்கள் வீட்டில் இருவர் சம்பளமும் ஒரே டப்பாவில் விழுகிறது, அதை இருவரும் சேர்ந்துதான் எடுக்கிறோம். மாதத் தொடக்கத்தில் என் பேர் அச்சிட்ட காணிக்கை உறையில் நான் வைக்கிற ஐந்நூறு ரூபாய்த் தாளை, என் கணவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தத் தாளுக்குப் பின்னால் இருக்கிற அவருடைய பொறுமையை எந்தக் கோலின்கீழ் எண்ணுவீர்கள்? அந்தக் கோலைப் பற்றியே சொல்லுகிறேன்: பத்தாவது ஆடு வந்தால்தான் அது கர்த்தருக்குரியது. ஒன்பது ஆடு மட்டும் உள்ளவனிடம் அந்த வசனம் ஒன்றையும் கேட்கவில்லை.

கடற்கரையான்:
நான் கத்தோலிக்கன், கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையைச் சேர்ந்தவன். எங்கள் ஊர்களில் மீன் விற்ற பணத்தில் ஒரு பங்கு கோயிலுக்கு என்று தலைமுறை தலைமுறையாகப் போனது. குத்தகை என்று அதற்குப் பேர். ஆகவே கொடுப்பது எங்களுக்குப் புதிது அல்ல. ஆனால் படகு கரைக்கு வந்ததும் முதலில் டீசலுக்கும் ஐஸுக்கும் ஆட்களின் படிச் செலவுக்கும் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் படகுக்காரருக்கும் ஆட்களுக்கும் பங்கு வைப்பார்கள். கழிக்காமல் பங்கு கேட்கிறவனைக் கடற்கரையில் யாரும் மதிக்கமாட்டார்கள். மேலும், திருச்சபையின் தேவைகளுக்கு அவரவர் இயன்ற அளவு உதவ வேண்டும் என்றுதான் எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். பத்தில் ஒன்று என்கிற அளவு அதில் இல்லை. இன்னொன்றும் கேட்கிறேன். இன்றைக்குப் பிடித்தத்துக்கு முன்பே தசமபாகம் கொடுத்துவிட்டால், ஓய்வு பெறும் நாளில் அந்த பி.எஃப். பணம் கைக்கு வரும்போது மறுபடியும் கொடுக்க வேண்டுமா?

நெல்லை ஊழியன்:
கடற்கரைச் சகோதரருடைய மறைக்கல்வி ஏடு எனக்கு ஆதாரம் அல்ல, வேதம் ஆதாரம். இருந்தாலும் பதில் சொல்லுகிறேன். டீசல் எரிந்து போகிறது, பி.எஃப். எரிந்து போவதில்லை. டீசலையும் சேமிப்பையும் ஒரே தட்டில் வைக்கிற கணக்கை நான் எங்கும் படித்ததில்லை. பணம் திரும்பி வரும்போது அசலுக்குக் கொடுக்க வேண்டாம், ஏற்கெனவே கொடுத்தாயிற்று. வட்டிக்கு மட்டும் கொடுத்தால் போதும். நான் அப்படித்தான் கொடுத்தேன்.

செவிலிச் சகோதரிக்கு: கணவரைச் சாக்குச் சொல்லாதிருங்கள். ஒன்பது ஆட்டுக் கதை உங்களுக்குப் பொருந்தாது, உங்களுக்கு மாதந்தோறும் சம்பளம் வருகிறது. ஐந்நூறு ரூபாய் உங்கள் சம்பளத்தில் எத்தனை சதவீதம் என்று நான் கேட்கவில்லை, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

மளிகைக்கடைக்காரன்:
ஐயா, பக்கத்துப் பட்டியில் அடைத்த ஆடுகளைப் பற்றி அழகாக எழுதினீர்கள். அந்தப் பட்டியில் இன்னொருவர் விட்ட ஆடுகளும் நிற்கின்றனவே, அவற்றை ஏன் எண்ணவில்லை? தொழிலாளியிடம் பிடிக்கிற 12 சதவீதத்துக்குச் சமமாக முதலாளியும் தன் பங்கைக் கட்டுகிறார். அதில் ஒரு பகுதி ஓய்வூதிய நிதிக்கும் மீதி தொழிலாளியின் கணக்குக்கும் போகிறது. உங்கள் வாதப்படி அதுவும் தொழிலாளியின் பேரில் வட்டியோடு வளரும் பணம்தான். அதற்கும் மாதந்தோறும் தசமபாகம் உண்டா, இல்லையா? உண்டு என்றால் உங்கள் 480 தப்பு. இல்லை என்றால் உங்கள் “முழுச் சம்பளம்” தப்பு. அரசுப் பணியில் பொது வைப்பு நிதியில் முதலாளி பங்கு என்பதே கிடையாது. ஆகையால் உங்கள் 34 குறிப்பேட்டிலும் இந்தக் கேள்வி வந்திருக்காது.

நெல்லை ஊழியன்:
இது வாதத்துக்காகச் செய்கிற வாதம். காணிக்கையாக வந்த பொருள்களை விற்கிற அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றிப் போன ஆண்டு இங்கே பேசியபோதும் இந்தச் சகோதரர் இப்படித்தான் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்டார். ஒரு சேவலை நான் கூடுதல் விலைக்கு ஏலம் எடுத்ததைப் “பெருமைக்காக எடுத்தது” என்று எழுதினார். நான் மறக்கவில்லை. அந்தப் பணம் கிராம ஊழியத்துக்குப் போயிற்று. மனுஷர் பார்க்கும்படி நான் ஒன்றும் செய்யவில்லை.

மளிகைக்கடைக்காரன்:
மனுஷர் பார்க்கும்படி இல்லையென்றால், சேகரத்தின் (பல சபைகள் சேர்ந்த வட்டாரத்தின்) ஆண்டறிக்கையில் பேரும் தொகையும் அச்சிடுகிற வழக்கத்தை இதே இடத்தில் ஆதரித்து ஏன் எழுதினீர்கள்? “உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது” என்று மத்தேயு 6:3-இல் ஆண்டவர் சொன்னது அச்சகத்துக்குப் பொருந்தாதா? பக்கத்து வீட்டு விதவைத் தாயார் அந்தப் பட்டியலில் தன் பேருக்கு நேரே அறுபது ரூபாய் என்றிருப்பதைப் பார்த்துவிட்டு, மறுவாரம் ஆலயத்துக்கு வராமல் என் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் கண்டேன். முந்தானையின் ஓரத்தில் ஒரு பத்து ரூபாய் முடிந்திருந்தது. அதை அவிழ்ப்பதும் முடிவதுமாகவே இருந்தார். கேட்ட கேள்விக்கு வருகிறேன்: முதலாளி பங்குக்குத் தசமபாகம் உண்டா?

பரிசுத்தம் மட்டும்:
பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். காதிலும் கழுத்திலும் பொன்னைத் தொங்கவிட்டுக்கொண்டு பத்தில் ஒன்று கொடுத்தால் என்ன, நூற்றில் ஒன்று கொடுத்தால் என்ன? 1 பேதுரு 3:3-ஐ வாசியுங்கள். எங்கள் சபையில் ஞானஸ்நானத்துக்கு முன்பே நகையைக் கழற்றிவிடுகிறோம், சீடத்துவம் அங்கேதான் தொடங்குகிறது.

நெல்லை ஊழியன்:
சகோதரர் நகைக்குத் தனியாக ஒரு தலைப்புத் தொடங்கட்டும். ஆண்டவர் சொன்ன உவமையில் கெட்ட குமாரன் திரும்பி வந்தபோது தகப்பன் அவன் கையில் மோதிரம் போடச் சொன்னதையும் அங்கே விளக்கட்டும். இங்கே பேசுவது தசமபாகம்.

ஆண்டறிக்கைப் பட்டியல் கணக்கு ஒப்புவிப்பதற்காக இருக்கிறது. பணத்தை யார் கொடுத்தார், எங்கே போயிற்று என்று காட்டாத சபைகளில் என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். நம் முன்னோர் இப்படிக் கணக்கோடு கொடுத்ததால்தான், 1903-இல் பாளையங்கோட்டையில் வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலானவர்கள் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்திய மனிதர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்று துணிந்து சொல்ல முடிந்தது. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல், பனையேறியும் வயல் உழுதும் வாழ்ந்தவர்கள் கொடுத்த காசு அது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912-இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலின் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர். அந்தப் பரம்பரையில் வந்த நாம் 480 ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். எனக்கு வேதனையாக இருக்கிறது, கோபமல்ல, வேதனை.

இரவுப்பணிச் செவிலி:
அந்தப் பரம்பரையில் என் பாட்டியும் உண்டு, ஐயா. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மண்கலயம் வைத்திருப்பார். உலை வைக்கிற நேரமெல்லாம் களைந்த அரிசியில் கை விடுவதற்கு முன், படியிலிருந்து ஒரு பிடி அள்ளி அதில் போடுவார். கலயம் நிரம்பினதும் ஊர்ச் சபையை நடத்துகிற உபதேசியாரிடம் போகும். ஆறு பிள்ளைகள் இருந்த வீடு. பாட்டியின் கைப்பிடி பத்தில் ஒன்றா, இருபதில் ஒன்றா என்று யாரும் அளக்கவில்லை. பஞ்ச காலத்தில் அந்தப் பிடி சின்னதாயிற்று, ஆனால் நின்றுபோகவில்லை. மத்தேயு 23:23-இல் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார். எனக்கு நீங்கள் எழுதிய பதிலில் வெந்தயம் இருந்தது, இரக்கம் இல்லை. உபாகமம் 14-இல் மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஆலயப் பணிக்குரிய லேவியனோடுகூடப் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் என்று எழுதியிருக்கிறது. சென்ற மாதம் என் வார்டில் இருந்த ஒரு மூதாட்டிக்கு மருந்து வாங்கிக் கொடுத்தேன். அது கணக்கில் சேருமா, சேராதா?

நெல்லை ஊழியன்:
அது தருமம், தசமபாகம் அல்ல. மல்கியா 3:10 “பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்” என்கிறது, வார்டிலே கொடுங்கள் என்று சொல்லவில்லை. அதே மத்தேயு 23:23-இன் முடிவில் “அவைகளையும் விடாதிருக்கவேண்டும்” என்று ஆண்டவர் சொன்னதைச் சகோதரி வசதியாக விட்டுவிட்டார். பாட்டியாரைக் கனம்பண்ணுகிறேன். ஆனால் பாட்டியார் உலை வைப்பதற்கு முன்பு எடுத்தார், வடித்து எல்லாரும் சாப்பிட்டபின் சட்டியைச் சுரண்டி எடுக்கவில்லை. நான் இத்தனை நேரமும் சொன்னதும் அதுதான்: முன்பு.

கடற்கரையான்:
லூக்கா 18:12-இல் “என் சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம் செலுத்திவருகிறேன்” என்று பிடித்தத்துக்கு முன்பு கொடுத்த ஒரு பரிசேயர், நியாயப்பிரமாணத்தை எழுத்துக்கு எழுத்துக் கைக்கொள்ளுகிறவர், ஜெபித்தார். நீதிமானாக்கப்பட்டு வீட்டுக்குப் போனவர் அவர் அல்லர், பக்கத்தில் மார்பில் அடித்துக்கொண்ட, வரி வசூலிக்கிற ஆயக்காரர். இன்னொன்று, உங்கள் புராட்டஸ்டண்ட் பக்கத்து மனிதரையே சொல்லுகிறேன். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஆண்டுக்கு 30 பவுன் வருமானம் வந்தபோது 28 பவுனில் வாழ்ந்து 2 பவுனைக் கொடுத்தார். வருமானம் 60 ஆனபோதும் அதே 28-இல் வாழ்ந்து 32-ஐக் கொடுத்தார். அவர் சதவீதம் பார்க்கவில்லை, தனக்கு எவ்வளவு போதும் என்று பார்த்தார். நீங்கள் 34 ஆண்டும் பத்திலேயே நின்றுவிட்டீர்களா?

நெல்லை ஊழியன்:
என்னைப் பரிசேயன் என்று சொல்லுகிற அளவுக்குச் சகோதரர் வந்துவிட்டார். நான் எவ்வளவு கொடுத்தேன் என்பது என் ஆண்டவருக்குத் தெரியும், உங்களுக்குக் காட்ட வேண்டியதில்லை. என் மனைவி நோய்ப்படுக்கையில் இருந்த ஆண்டில், மருத்துவமனைக்குக் கடன் வாங்கினேன். தசமபாகத்தை அந்த மாதமும் முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் வட்டிக்காரரிடம் போனேன். அவள் இறந்த மாதத்துப் பக்கத்தில் என் கையெழுத்துக் கோணலாக இருக்கிறது, தொகை சரியாக இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பெருமை என்று சொல்லுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை.

இரவுப்பணிச் செவிலி:
அம்மாவைப் பற்றிக் கேட்டு மனம் கலங்கினேன், ஐயா. பெருமை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மாதம் நீங்கள் தசமபாகம் எடுத்து வைக்காமல் மருந்துக்குக் கொடுத்திருந்தால், உங்களை வஞ்சிக்கிறவர் என்றும் சொல்லியிருக்கமாட்டேன்.

மளிகைக்கடைக்காரன்:
எனக்கும் வருத்தம்தான், அதற்காகக் கேள்வியை விட முடியாது. உங்கள் துக்கம் உங்களுடையது. “சீடன் அல்லன்” என்று நீங்கள் எழுதிய வரி எங்கள் எல்லார்மேலும் விழுந்தது. நாலு மணிக்கு அரிசி லாரி வருகிறது, நான் படுக்கப் போகிறேன். முதலாளி கட்டுகிற பங்குக்குத் தசமபாகம் உண்டா, இல்லையா என்று ஒரு வரி எழுதி வையுங்கள், காலையில் வாசிக்கிறேன்.

நெல்லை ஊழியன்:
மல்கியா எழுதியதற்கு மேல் எழுத எனக்கு அதிகாரம் இல்லை. முதலாளியின் பங்கைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த 480 ரூபாய்க்குப் பதில் சொல்லுங்கள்.