ஆர்மிடேல் மலை ஊராமே, மலை எங்கே?

சிட்னிவாசி:
மனைவிக்கு ஆர்மிடேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஜூலையில் குடிபோகிறோம். மலை ஊர், குளிர் வாட்டும் என்கிறார்கள். படங்களில் பார்த்தால் செம்மறி மேயும் வெளிதான் தெரிகிறது. மலை எங்கே? 25,000 பேர் தேறாத ஊரில் பல்கலைக்கழகமும் இரண்டு பேராலயங்களும் எப்படி வந்தன? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்களேன்.

மேட்டுநிலத்தான்:
தம்பி, அங்கே ஓர் ஆய்வகத்தில் 11 வருடம் மண் அரித்துக் கொட்டியவன் நான். போன புதிதில் எனக்கும் இதே குழப்பம்தான். நீங்கள் நிற்பதே மலைமேல். கிட்டத்தட்ட 1000 மீட்டர் உயரத்தில் மேசை மாதிரி விரிந்த நிலம் அது. கிழக்கே 40 கிலோமீட்டர் போனால் வாலமாம்பி அருவி. புல்வெளி சட்டென்று அறுந்து, காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு. எட்டிப் பார்த்தபோதுதான் இவ்வளவு நாளும் எவ்வளவு உயரத்தில் குடியிருந்தேன் என்று உறைத்தது.

அது அனைவான் என்ற பழங்குடி மக்களின் நிலம். 1839இல் அரசு நில ஆணையர் மெக்டொனால்ட் அங்கே முகாம் போட்டு, ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலுள்ள ஆர்மடேல் பெயரை வைத்தார். ஆட்டுக் கம்பளிப் பணம் சேர்ந்தது, பண்ணைக்காரர்கள் மாளிகை கட்டினார்கள். பூலூமின்பா என்ற மாளிகையைக் கட்டிக்கொடுத்த ஹோர்பரி ஹன்ட்தான் செயின்ட் பீட்டர்ஸ் ஆங்கிலிக்கன் பேராலயத்தையும் வடிவமைத்தார். (கத்தோலிக்கப் பேராலயம் தனி, 1912.) பின்னாளில் அந்த மாளிகையை நன்கொடையாகக் கொடுக்க, 1938இல் சிட்னி பல்கலைக்கழகத்தின் கிளைக் கல்லூரி அதில் தொடங்கியது. 1954இல் தனிப் பல்கலைக்கழகம். அடுத்த வருடமே தபால்வழிக் கல்வி. உங்கள் மனைவி எப்படியும் பூலூமின்பாவுக்குள் போவார். சூடானின் கார்ட்டூம் நகர முற்றுகையில் மடிந்த பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் கார்டனின் வாழ்க்கையைத் தீட்டிய வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டுப் பண்ணைக்காரர் வீட்டில் கார்ட்டூம் முற்றுகை! சாயங்கால வெயில் விழும்போது நான் சும்மாவே போய் நிற்பேன்.

பழைய கூலி:
அண்ணன் கம்பளியோடு முடித்துவிட்டார். தங்கத்தை விடலாமா? 1850களில் பக்கத்து ராக்கி ரிவரில் தங்கம், பிறகு ஹில்க்ரோவில் தங்கமும் ஆன்டிமனியும். ஹில்க்ரோவ் சுரங்கத்துக்காக 1895இலேயே கேரா ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டினார்கள். இப்போது அங்கே போனால் கொஞ்சம் வீடுகளும் காற்றும்தான்.

மேட்டுநிலத்தான்:
சரிதான். ஆனால் தங்கம் வந்து போனது, பள்ளிக்கூடம் நிலைத்தது. 1928இல் ஆசிரியர் கல்லூரி வந்தது. கப்பல் கம்பெனி வேலை பார்த்து விடுதி அறையில் வாழ்ந்த ஹோவர்ட் ஹின்டன், தான் வாங்கிய ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்களை அந்தக் கல்லூரிக்கே கொடுத்தார். இப்போது அவை ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சிட்னிக்காரரிடம் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: இந்த ஊர்க்காரர்களுக்குச் சிட்னி மேல் ஒரு பழைய கோபம் உண்டு. ஆர்மிடேல் இருக்கும் நியூ இங்கிலாந்து வட்டாரம், சிட்னியைத் தலைநகராகக் கொண்ட நியூ சவுத் வேல்ஸிலிருந்து பிரிந்து தனி மாநிலமாக வேண்டும் என்று பல காலம் கேட்டு, 1967இல் வாக்கெடுப்பே நடந்தது. தெற்கே நியூகாசல் பக்கத்தையும் எல்லைக்குள் சேர்த்தார்கள், அங்கிருந்து எதிர் ஓட்டுகள் குவிந்தன, போயிற்று.

சிட்னிவாசி:
அண்ணா, ஹின்டன் கதை தெரியவே தெரியாது. மிக்க நன்றி. குளிரைப் பற்றி மட்டும்?

மேட்டுநிலத்தான்:
ஜூலை அங்கே நடுக் குளிர்காலம், இரவு பூஜ்யத்துக்குக் கீழே சர்வசாதாரணம். காலையில் கார்க் கண்ணாடி வெள்ளையாக இறுகிக் கிடக்கும். நகரின் நடுவே ஓடை ஓடும் பள்ளம் இருக்கிறது. காற்றில்லாத இரவுகளில் விறகு ஹீட்டர் புகை அதில் தேங்கும். யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் வீட்டை மேட்டுப் பக்கம் பாருங்கள். விறகு வாங்கினால் போன வருடம் வெட்டிக் காய்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். முதல் குளிர்காலத்தில் எனக்கு ஈர விறகைக் கட்டிவிட்டார்கள். வீடு முழுக்கப் புகை, சூடு மட்டும் வரவில்லை.