வீட்டில் செய்த வாட்டர் பிளாக் கசிகிறது, வழி சொல்லுங்கள்
வணக்கம் நண்பர்களே. என் கம்ப்யூட்டரின் ரைசன் 5 3600 பிராசஸருக்கு நானே வாட்டர் பிளாக் (பிராசஸர் மேல் உட்கார்ந்து, உள்ளே ஓடும் தண்ணீரால் சூட்டை எடுக்கும் கட்டி) செய்துகொண்டிருக்கிறேன். கடையில் கிடைக்கும், தெரியும். கோவையில் இத்தனை லேத் பட்டறைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு வாங்க மனசு வரவில்லை.

அடித்தகடு 8 மி.மீ. தடிமனுள்ள செம்பு. அலுமினியம் மலிவுதான். ஆனால் அந்தத் தண்ணீரை ஆறவைக்கும் என் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். ஒரே தண்ணீரில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போய்விடும். பட்டறை அண்ணன் 1 மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழத்தில் தண்ணீர் ஓட 15 பள்ளங்கள் வெட்டிக் கொடுத்தார். செம்பு கட்டரில் அப்பிக்கொண்டு இரண்டு பிளேடு போனபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

மேல்மூடி 10 மி.மீ. அக்ரிலிக், நாலு ஸ்க்ரூ, நடுவே கசிவைத் தடுக்க ஓ-ரிங் (ரப்பர் வளையம்). கம்ப்யூட்டரில் மாட்டாமல், பக்கெட்டில் பம்ப் வைத்து ஓட்டிப் பார்த்தேன். பத்து நிமிடம் சரியாக இருந்தது. அப்புறம் ஒரு மூலையில் முத்து முத்தாகத் தண்ணீர். இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். ஸ்க்ரூவைச் சுற்றி முடி மாதிரி விரிசல்.

ஓ-ரிங் 2 மி.மீ. தடிமன், அதற்கான பள்ளம் 1.8 மி.மீ. ஆழம். ரிங் போதுமான அளவு நசுங்கவில்லை என்று சந்தேகம். ஆழத்தை 1.5 ஆக்கினால் நிற்குமா? மூடிக்கு அக்ரிலிக்கே போதுமா, டெல்ரின் பிளாஸ்டிக் வாங்கட்டுமா? குழாய் மாட்டும் ஜி 1/4 அளவு ஃபிட்டிங்கில் ரப்பர் வாஷர் இருக்கிறது; டெஃப்லான் டேப்பும் சுற்ற வேண்டுமா? அடுத்த அக்ரிலிக் துண்டை வெட்டக் கொடுக்கும் முன், செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.