நூலக உதவியாளர் இனி எதைப் பழக வேண்டும்?

இலங்கையின் வடக்கே மாங்குளம் பக்கம் ஒரு பொது நூலகத்தில் 11 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். முன்பு முத்திரை குத்தி, டூயி முறைப்படி (பொருள்வாரியாக எண் கொடுத்துப் புத்தகம் அடுக்கும் முறை) 894.811 தட்டில் தமிழ் இலக்கியம் கலையாமல் பார்த்தால் போதும். இப்போது பின்னேரம் வரும் பிள்ளைகள் கடந்தகால வினாத்தாளின் பிடிஎஃப் கேட்கிறார்கள். அம்மாமார் பரீட்சை முடிவு பார்த்துத் தரச்சொல்லிப் போனை நீட்டுகிறார்கள். செய்து கொடுக்க விருப்பம்தான், ஆனால் ஒருவரும் பழக்கவில்லை. எங்கே தொடங்கலாம்?

பதில் 1:
அக்கா, கோஹா என்ற நூலக மென்பொருளைப் பாருங்கள். நியூசிலாந்து நூலகம் ஒன்றுக்காக உருவாகி 2000இல் வந்தது, இலவசம். பட்டியல், இரவல் இரண்டும் அதிலேயே செய்யலாம். டூயி எண் தெரிந்த உங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

பதில் 2:
ஸ்கான் பண்ணப் பழகுங்கள் தங்கச்சி. 2009இல் போர் நேரம் எங்கள் வீட்டுப் புத்தகப் பெட்டியை விசுவமடுவில் விட்டுவிட்டுத்தான் ஓடினோம். அதில் இருந்த ஊர்க் கோயில் மலரை (சிறப்பு வெளியீட்டுப் புத்தகம்) இன்றும் தேடுகிறேன். 'நூலகம்' என்ற பெயருள்ள இணையத்தளம் 2005 முதல் ஈழத்து நூல்களைச் சேர்க்கிறது. அதில் இல்லாததை முதலில் ஸ்கான் எடுங்கள். மட்டையையும் பதிப்பாண்டுப் பக்கத்தையும் விட்டுவிட வேண்டாம்.

கேட்டவர்:
சரி அண்ணை. எங்கள் அலுமாரியில் பழைய பாடசாலை மலர் ஒன்று இருக்கிறது, ஓரமெல்லாம் கறையான். திங்கட்கிழமை அதைத்தான் எடுக்கப் போகிறேன்.