தீவில் குப்பையை எங்கே கொட்டுவார்கள்? வேலைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டும்

அரூர்ப் பையன்:

வணக்கம். சொந்த ஊர் அரூர் பக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு நான்கு வருடமாக ஓசூர் சிப்காட்டில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். இப்போது மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டிலிருந்து ஆர்டர் வந்திருக்கிறது. வேலையின் பெயர் வேஸ்ட் யார்டு டெக்னீஷியன். எரிக்கும் உலை, பாட்டில் நொறுக்கும் மெஷின், டப்பாக்களை அமுக்கிக் கட்டும் மெஷின், மூன்றையும் ஓட்டிப் பராமரிக்க வேண்டுமாம். கிளம்ப இன்னும் 40 நாள் இருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். "கடல் தாண்டிப் போய்க் குப்பை அள்ளவா உன்னைப் படிக்க வெச்சோம்?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போனவள், மூன்று நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை.

அது வீட்டு விஷயம். என் சந்தேகம் வேறு. எங்கள் ஊரில் குப்பை என்றால் ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் கொட்டுவார்கள். மழை பெய்தால் ஏரிக்குள் போய்விடும். அந்தக் கதை இப்போது வேண்டாம். நான் போகிற தீவை 20 நிமிடத்தில் நடந்தே சுற்றிவிடலாமாம். அதில் 'ஊருக்கு வெளியே' என்பது எங்கே இருக்கும்? எல்லாவற்றையும் எரித்துவிடுவார்களா? அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். இந்த 40 நாளில் என்ன கற்றுக்கொள்ளலாம் என்றும் சொன்னால் நல்லது.

தொப்பூர் கணவாய்:

தம்பி, ரொம்ப யோசிக்காதே. மாலேவுக்குப் பக்கத்தில் திலாஃபுஷி என்று ஒரு தீவே குப்பையால் உருவானது. எரிகிறதை எரிப்பாய், மிச்சத்தைப் படகில் ஏற்றி அங்கே அனுப்புவாய். சம்பளம் டாலரில் வருகிறதா, சாப்பாடு அவர்களுடையதா, இதை மட்டும் பார்.

மாங்கூழ்க்காரன்:

கணவாய் அண்ணன் சொன்னது பாதி சரி. திலாஃபுஷி காயலாகக் கிடந்த இடம். 1992லிருந்து குப்பையைக் கொட்டி மேடாக்கினார்கள். அங்கே திறந்தவெளியில் வருடக்கணக்கில் குப்பை எரிந்துகொண்டே இருந்தது. 2021இல்தான் அந்த எரிப்பை நிறுத்தினார்கள். ஆனால் "மிச்சம் எல்லாம் அங்கே போய்விடும்" என்ற நினைப்போடு போனால், தம்பி, முதல் மாதமே மாட்டிக்கொள்வாய். படகுக்கு டீசல் யார் காசு? தென்மேற்குக் காற்று மாதங்களில் கடல் கொந்தளித்தால் படகே வராது. அந்த நாட்களில் குப்பை உன் தலைமேல்தான் ஏறி உட்காரும்.

நான் காவேரிப்பட்டணம். அங்கே ஒரு தீவில் ஐந்து வருடம் யார்டில் இருந்துவிட்டு வந்தவன். போவதற்கு முன் இங்கே ஒரு மாங்கூழ் ஆலையில் பாய்லர் பக்கம் வேலை. ஈரக் குப்பை என்றால் என்னவென்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. பெங்களூரா மாம்பழ சீசனில் தோலும் கொட்டையும் மலையாகக் குவியும். இரண்டாம் நாள் புளிப்பு வாடை. மூன்றாம் நாள் ஈ மொய்க்கும், குவியலுக்கு அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்து வாய்க்காலைத் தேடிப் போகும்.

தீவிலும் இதே கதைதான், மாங்காய்க்குப் பதில் தர்பூசணித் தோல். பஃபே என்று வைத்துவிட்டால் சாப்பிடுவதைவிடத் தள்ளுவது அதிகம். எங்கள் யார்டுக்கு வந்ததில் எடைக்குப் பாதிக்கு மேல் சமையலறைக் குப்பை.

நான் போன புதிதில் அதையும் உலையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். தர்பூசணித் தோலில் இருப்பதெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கிய பிறகுதான் தோல் எரியும். அதுவரை எரிவது உன் டீசல். உலை சூடு இறங்கிவிடும், கூடவே கிடக்கும் பிளாஸ்டிக் அரைகுறையாகக் கருகும், கறுப்புப் புகை நேராக விருந்தினர் அறைகள் பக்கம் போகும். மேனேஜர் ஓடி வருவார். எனக்கு ஒருமுறை சம்பளத்தில் பிடித்தார்கள், இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை. உலையில் இரண்டு அறை இருக்கும். முதல் அறையில் எழும் புகை, இரண்டாம் அறையில் குறைந்தது 850 டிகிரியில் 2 நொடியாவது இருக்க வேண்டும். சூடு அதற்குக் கீழே இறங்கினால், அதுவும் பி.வி.சி. மாதிரிச் சாமான் உள்ளே இருந்தால், டையாக்சின் என்ற நஞ்சு அதிகமாக உண்டாகும். ஆகவே சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் காட்டும் எண்ணைப் பார்க்காமல் கதவைத் திறக்காதே. ஸ்ப்ரே டப்பா, லைட்டர் இரண்டையும் கையால் பொறுக்கி எடுத்துவிடு. எங்களிடம் ஒரு டப்பா உள்ளே வெடித்து உட்சுவர்ச் செங்கல் இரண்டு பெயர்ந்தது.

சரி, ஏன் குழி தோண்டிப் புதைக்கவில்லை என்று கேட்பாய். பவளத் தீவு அது. நிலம் கடலைவிட ஒன்று, ஒன்றரை மீட்டர்தான் உயரம். ஒரு ஆள் உயரம் தோண்டுமுன் தண்ணீர் வந்துவிடும். மணலுக்கு அடியில் உப்புத் தண்ணீர்மேல் மழைத்தண்ணீர் மெல்லிய படலமாக மிதக்கும். ஊர்த் தீவுகளில் கிணறு இறைப்பதெல்லாம் அதிலிருந்துதான். குழியில் கசிகிற சாறு நேரே அதில் கலக்கும். இங்கே மாதிரி 'நிலத்தடி நீர் 800 அடியில்' என்று தைரியமாக இருக்க முடியாது.

எனக்கு வழி காட்டியது தோட்டக்காரர்தான். அவர் செடிக்கு மண்ணை மூட்டை மூட்டையாகக் கப்பலில் வரவழைத்துக்கொண்டிருந்தார். பவள மணலில் சத்து கிடையாது. ஒரு பக்கம் காசு கொடுத்து மண் வாங்குகிறோம், இன்னொரு பக்கம் காசு கொடுத்து உரத்தை எரிக்கிறோம்! தென்னை ஓலையை அரைக்கும் மெஷின் ஒன்று ஸ்டோரில் துருப்பிடித்துக் கிடந்தது. அதைச் சரிசெய்தேன். ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டு வாளி ஓலைத்தூள், சருகு. மீன் கழிவைக் குவியலின் நடுவயிற்றில் புதைத்துவிட வேண்டும், இல்லையென்றால் எலியும் காகமும் வரும். மேலே கூரை கட்டாயம். அங்கே அடிக்கிற மழைக்குக் குவியல் நனைந்தால் மாங்கூழ் ஆலை வாடைதான். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், சொட்டக் கூடாது. உள்ளே சூடு 55, 60 டிகிரி ஏறி நிற்கும். இறங்கும்போது புரட்டிவிடு. இரண்டு மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த காட்டு வாசத்தோடு உரம். எரிக்கிற டீசல் எங்களுக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடி பாட்டிலை நொறுக்கினால் மணல் மாதிரி ஆகும், நடைபாதைக் கல் வார்க்கும்போது கான்கிரீட்டில் சேர்க்கலாம். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி இல்லாமல் அந்த மெஷின் பக்கம் போகாதே. அலுமினியம் டப்பாவும் இரும்பும்தான் படகு வாடகையைத் தாங்கும் சரக்கு, கட்டி அடுக்கினால் வியாபாரியே வருவார். பிளாஸ்டிக் பாட்டில் தாங்காது, காற்றைத்தான் ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கும். அதைத் தீவுக்குள் வராமல் தடுப்பதுதான் வழி. கடல்நீரைக் குடிநீராக்கி அங்கேயே கண்ணாடி பாட்டிலில் நிரப்பிக்கொள்ளும் ரிசார்ட்டுகள் உண்டு. அதனால் உனக்கு முதலில் வேண்டிய சிநேகிதன் ஸ்டோர் கீப்பர். என்ன வந்து இறங்குகிறது என்பது அவர் கையில் இருக்கிறது. சாமான் இறக்கிய தோணி காலியாகத்தான் திரும்பும் (அங்கேயும் படகுக்குத் தோணி என்றுதான் பெயர், அதைக் கேட்ட நாளில் எனக்குப் பாதி வீட்டு ஏக்கம் போனது). காலியாகப் போகிற தோணியில் அட்டைப்பெட்டி, தகரக் கட்டு, பேட்டரி எல்லாம் ஏற்ற அவர் சொன்னால்தான் நடக்கும்.

40 நாளில் என்ன கற்பது என்றால், ஹைட்ராலிக் சீல் மாற்றுவது, பர்னர் நாசில் சுத்தம் செய்வது. உப்புக்காற்று பேரிங்கைத் தின்றுவிடும். ஓசூரில் மாதம் ஒருமுறை கிரீஸ் வைக்கிற இடத்துக்கு அங்கே வாரம் ஒருமுறை வை.

ஜூரோங் டிரைவர்:

ஊத்தங்கரைக்காரன், சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிறேன். இதுவும் தீவுதான், ஆனால் காசுள்ள தீவு. இங்கே எரியக்கூடியதெல்லாம் பெரிய ஆலைகளில் எரிந்து மின்சாரம் ஆகிறது. முதல் ஆலை 1979இல் உலு பாண்டானில் வந்தது. எரித்தால் குப்பையின் கன அளவு 90 சதவீதம்வரை குறைந்துவிடும். மிஞ்சும் சாம்பல் துவாஸிலிருந்து மூடிய பெரிய படகுகளில் செமாக்காவ் தீவுக்குப் போகிறது. இரண்டு சின்னத் தீவுகளை இணைத்து, 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலில் பாறைக்கரை கட்டி, உள்பக்கம் களிமண்ணும் நீர் கசியாத விரிப்பும் போட்டிருக்கிறார்கள். 1999 ஏப்ரலில் திறந்தது. பக்கத்தில் சதுப்புக் காடும் நட்டு வளர்த்திருக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் 2035க்குள் அது நிரம்பிவிடும் என்று அரசாங்கமே சொல்கிறது. இங்கே மாடி வீடுகளிலிருந்து குப்பையெல்லாம் பைப் வழியாகக் கீழே போய்விடுவதால் வீட்டில் பிரித்துப் போடும் பழக்கம் குறைவு. என் கண்ணால் பார்க்கிறேன், சாப்பாட்டோடு சேர்ந்து நல்ல அட்டைப்பெட்டியும் நாறிப் போகிறது. மாங்கூழ் அண்ணன் சொன்ன ஓலைத்தூள் விஷயம் சின்னத் தீவுக்குத்தான் ஒத்துவரும் என்று நினைக்கிறேன், 50 மாடிக் கட்டடத்துக்கு வராது.

மாங்கூழ்க்காரன்:

50 மாடிக்கு நான் சொல்லவில்லை அண்ணா. தம்பி போவது 50 தென்னை உள்ள இடத்துக்கு.

பென்னாகரம் ரோடு:

தம்பி, நான் இங்கே ஒரு ஊராட்சியில் தூய்மைக் காவலர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். எல்லோரும் மெஷினைப் பற்றிச் சொன்னீர்கள். கையுறை, பூட்ஸ், தடுப்பூசி பற்றி ஒருவரும் சொல்லவில்லையே! டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி இரண்டையும் இப்போதே ஆரம்பித்துவிடு. ஹெபடைட்டிஸ் ஊசிக்கு மூன்று டோஸ், முழுசாக முடிய ஆறு மாதம் ஆகும். முதல் இரண்டையாவது இங்கேயே போட்டுக்கொண்டு போ.

எங்கள் பக்கமும் ஒருவகையில் ரிசார்ட்தான். ஒகேனக்கல் வருகிறவர்கள் எண்ணெய் பாக்கெட்டையும் மீன் வறுவல் தட்டையும் வழியெல்லாம் போட்டுவிட்டு அவரவர் ஊருக்குப் போய்விடுகிறார்கள். பெருக்குவது எங்கள் பெண்கள். ஆனால் எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. விற்க முடியாத பிளாஸ்டிக்கைக் கட்டி வைத்தால் அரியலூர் சிமென்ட் ஆலைகள்வரை லாரியில் போக வழியுண்டு. தாரோடு கலந்து ரோடு போடவும் செய்யலாம். உன் தீவில் சிமென்ட் ஆலையும் இல்லை, தார் ரோடும் இருக்காது.

இன்னொன்று, பிரித்துப் போடு என்று சமையலறையில் போர்டு மாட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். பங்களாதேஷ், நேபாளம், இலங்கை என்று பல ஊர்ப் பிள்ளைகள் இருப்பார்களாம், எந்த மொழியில் எழுதுவாய்? நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா, கலந்து வந்த கூடையை அந்த வீட்டு வாசலிலேயே கொட்டி, அந்த அம்மா முன்னால் உட்கார்ந்து நாங்களே பிரித்தோம். திட்டவில்லை. நான்காம் நாள் அவரே இரண்டு கூடை வைத்துவிட்டார். ஒரே ஒரு வீட்டில் பலிக்கவில்லை, அந்த வீட்டுக்காரர் வார்டு உறுப்பினர்.

எங்கள் உரக்கொட்டகையை வந்து பார். சனிக்கிழமை காலை குவியல் புரட்டுவோம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.

மாங்கூழ்க்காரன்:

அக்கா சொன்னதைச் செய். கையெழுத்துப் போடுமுன் இன்னொன்று. உலையின் மேல் ஆணியடித்த தகட்டில் மணிக்கு எத்தனை கிலோ எரிக்கும் என்று எழுதியிருக்கும். அந்தத் தகட்டையும் யார்டுக் கூரையையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேள். அனுப்ப யோசித்தால் நீயும் யோசி.

அரூர்ப் பையன்:

அனைவருக்கும் நன்றி. ஏஜென்ட்டிடம் கேட்டேன், முணுமுணுத்தார், ஆனால் இன்று படம் வந்துவிட்டது. கூரை இருக்கிறது. தகடு துருப்பிடித்து, மணிக்கு 1 என்று தொடங்குகிற ஏதோ ஒரு எண். அடுத்த இலக்கம் தெரியவில்லை. படத்தின் ஓரத்தில் மதில்மேல் ஓலை குவிந்து கிடக்கிறது.

அக்கா, முதல் ஊசி நேற்றுப் போட்டுவிட்டேன். சனிக்கிழமை வருகிறேன். அம்மா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் கொட்டகைக்குப் போகிறேன் என்றதும், "அங்க எத்தனை மணிக்கு பஸ்?" என்று கேட்டாள்.