வெட்டுண்ட காஸ்பேஸ்-3 பட்டை வரவில்லை: அவசர உதவி தேவை

ஹட்டன் வளவன்: வணக்கம். தேயிலைக் கொழுந்தின் சாறு புற்றுநோய்க் கலங்களைக் கொல்கிறதா என்று அறிய, வெட்டுண்ட காஸ்பேஸ்-3ஐ (கலம் தன்னைத்தானே அழிக்கும்போது வெட்டுப்பட்டுச் செயற்படும் நொதி) மட்டும் இனங்காணும் முயல் பிறபொருளெதிரியைக் கொண்டு வெஸ்டர்ன் புளொட் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மென்சவ்வுக்கு மாற்றி, பிறபொருளெதிரியால் பட்டையாகக் காட்டும் சோதனை) செய்கிறேன். சாறு இட்ட கலங்கள் சுருங்கி உருண்டு, தட்டிலிருந்து கழன்று மிதக்கின்றன. ஆயினும் ஒப்பீட்டுக்காகப் பார்க்கும் அக்டின் புரதத்தின் பட்டை மட்டுமே தெரிகிறது. வெட்டுண்ட துண்டு வரவேண்டிய 17 கிலோடால்டனில் ஒன்றும் இல்லை. புதன்கிழமை மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். பிறபொருளெதிரி பழுதாகிவிட்டதா?

நானுஓயா வாசகி: எந்தக் கலங்கள்? ஜெல் எத்தனை வீதம்? நேர்க் கட்டுப்பாட்டு மாதிரி (பட்டை நிச்சயம் வரவேண்டிய மாதிரி) வைத்தீர்களா? மிதந்த கலங்களை ஊடகத்தோடு கொட்டிவிட்டீர்களா? இறந்துகொண்டிருப்பவை பெரும்பாலும் அவைதாம்.

பண்டாரவளை: மின்வெட்டுத்தான் காரணம் என்பேன். இந்த மழையில் எங்கள் பக்கம் இரவில் மின்சாரம் நின்றால் விடியும்வரை வருவதில்லை. உறைகுளிரூட்டியில் இருந்த பிறபொருளெதிரி உருகி உறைந்திருக்கும்.

மூத்த உறுப்பினர்: தம்பி, இதை இங்கே பலமுறை விளக்கியிருக்கிறேன், தேடிப் படித்துவிட்டுக் கேட்பது நல்லது. பாதிக்குப் பாதி கிளிசரோல் சேர்த்த பிறபொருளெதிரி −20 பாகையில் உறைவதே இல்லை. சிறிய புரதத்துக்கு 15 வீத ஜெல்லும் 0.2 மைக்ரோமீற்றர் துளையுள்ள மென்சவ்வும் வேண்டும் என்பது அரிச்சுவடி. 0.45இல் நெடுநேரம் மின்னோட்டம் செலுத்தினால், 17 கிலோடால்டன் துண்டு மென்சவ்வைக் கடந்து மறுபக்கம் போய்விடும்.

பண்டாரவளை: பிறபொருளெதிரி கண்ட இடத்தில் ஒட்டாதபடி மென்சவ்வைப் பால்மாவில் தடுத்தீர்களா? நான் அல்புமினுக்கு மாறிய பிறகே மெல்லிய பட்டைகள் தெரிந்தன.

மூத்த உறுப்பினர்: பால்மாவைக் குறை சொல்ல வேண்டாம். 5 வீதப் பால்மாவில் தடுத்துத் தெளிவான காஸ்பேஸ் பட்டைகளை எடுத்திருக்கிறேன். அல்புமின் விலைக்கு மாணவர் எங்கே போவார்?

பண்டாரவளை: விலை வேறு, மென்சவ்வின் பின்புலக் கறை வேறு, ஐயா. தயாரிப்பாளரின் தாளில் எது குறிக்கப்பட்டிருக்கிறதோ அதைப் பின்பற்றுவதே முறை.

ஹட்டன் வளவன்: எம்.சி.எஃப்.-7 என்ற மார்பகப் புற்றுநோய்க் கலங்கள். 12 வீத ஜெல். மிதந்தவற்றையும் சேர்த்தே உடைத்தேன். நேர்க் கட்டுப்பாடு இல்லை.

நானுஓயா வாசகி: காரணம் இதுதான். எம்.சி.எஃப்.-7 கலங்களில் காஸ்பேஸ்-3 மரபணுவின் மூன்றாம் எக்சோனில் (மரபணுவின் குறிமுறைப் பகுதி) 47 மூலச் சோடிகள் விடுபட்டிருப்பதால் அப்புரதமே உருவாவதில்லை என்று 1998இலேயே வெளிவந்துவிட்டது. இல்லாத புரதத்தை எந்தப் பிறபொருளெதிரியாலும் காட்ட முடியாது. இறக்கும் கலத்தின் டி.என்.ஏ. துண்டுகள் ஜெல்லில் படிபடியாகத் தெரியும் டி.என்.ஏ. ஏணியையும் இக்கலங்களில் எதிர்பார்க்க வேண்டாம். அதே வகை நொதியான காஸ்பேஸ்-7 இருப்பதால், அது வெட்டும் பார்ப் (PARP) புரதம் 116 கிலோடால்டனிலிருந்து 89ஆக வெட்டுப்படுகிறதா என்று பாருங்கள். கொழும்பு முகவரிடம் புதிய குப்பிக்குப் பணம் கட்டுமுன், கலங்களைச் சாகத் தூண்டும் ஸ்டோரோஸ்போரின் இட்ட ஹீலா அல்லது ஜூர்கட் கல மாதிரியைத் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கி ஓட்டிவிடுங்கள்.

மூத்த உறுப்பினர்: கலம் எதுவானாலும் 0.2 மென்சவ்வு வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

ஹட்டன் வளவன்: பக்கத்து ஆய்வுகூடத்து அக்கா தந்த ஹீலா மாதிரியில் 17இல் பட்டை வந்தது, என் மாதிரியில் இல்லை. பார்ப் பிறபொருளெதிரி கேட்டிருக்கிறேன். மிக்க நன்றி.

பண்டாரவளை: எதில் தடுத்தீர்கள் என்று சொல்லவில்லையே?