புதுப்பிப்பு: டென்னிஸில் வேகமே இல்லாத முதல் சர்வ், எதனால் சரியானது?

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கேள்வி இதுதான்: எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சர்வில் (ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கும் அடியில்) வேகம் வரவில்லை, பாதிப் பந்துகள் வலையில் விழுந்தன. ராக்கெட்டை மாற்று, ஜிம்முக்குப் போ, பிடியை மாற்று என்று யோசனைகள் வந்தன.

வேலை செய்தது பிடிதான். ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னோக்கி வரும் அடி) பிடியை விட்டுவிட்டு, சுத்தியலைப் பிடிப்பதுபோல் கான்டினென்டல் பிடிக்கு வந்தேன். ராக்கெட்டின் விளிம்பு பந்தை நோக்கி மேலே போய், கடைசி நொடியில் முன்கை வெளிப்பக்கம் திரும்பி ராக்கெட்டின் அடிக்கும் பரப்பைப் பந்துக்கு நேராக்க வேண்டும். பழைய பிடியில் இந்தத் திருப்பத்துக்கு இடமே இல்லை. ராக்கெட் தலையின் வேகத்தில் தோளின் சுழற்சிக்குப் பெரிய பங்கு உண்டு.

எதிர்பாராதது: ஆரம்பத்தில் எல்லாப் பந்தும் இடப்பக்கம் ஓடியது (நான் வலக்கை). அங்கேதான் பலர் பழைய பிடிக்குத் திரும்பிவிடுகிறார்கள். திரும்பாதீர்கள், முன்கைத் திருப்பம் பழகியதும் நேராகிவிடும். இன்னொன்று, விரல்களைத் தளர்த்திப் பிடித்தபோது வேகம் கூடியது!

டாஸை (சர்வுக்காகப் பந்தை மேலே எறிவதை) பேஸ்லைனுக்கு, அதாவது ஆடுகளத்தின் பின்கோட்டுக்கு, சற்று உள்ளே போடச் சொன்னவருக்குத் தனி நன்றி. எடை முன்னோக்கிப் போகிறது. வலையில் விழுவது குறைய, நடுக்கோட்டைக் குறிவைக்கிறேன்: வலை நடுவில் 91.4 செ.மீ., கம்பங்களருகே 1.07 மீ.

ராக்கெட் பழையதேதான்.