லைசென்ஸ் இருக்கிறது, மேம்பாலம் என்றால்தான் கால் நடுங்குகிறது

சிங்காநல்லூர்க்காரி:
எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்தேன். வீட்டில் இருப்பது பழைய மேனுவல் கார். தெருவுக்குள், மளிகைக் கடை, பையனின் டியூஷன் வரை தனியாகவே ஓட்டுவேன். ஆனால் மேம்பாலத்தில் ஏறும்போது முன்னால் போகிற வண்டி நின்றுவிட்டால் போதும், உள்ளங்கை வேர்த்து, நெஞ்சு படபடத்து, கிளட்ச் மேல் இருக்கிற கால் தானாக ஆட ஆரம்பித்துவிடுகிறது. ஒரு தடவை சரிவில் இன்ஜின் ஆஃப் ஆகி வண்டி பின்னால் நகர்ந்தது. பின்னால் ஒரு டவுன் பஸ், ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை, பக்கத்தில் வீட்டுக்காரர் "பிரேக், பிரேக்" என்று கத்துகிறார். ஒன்றும் ஆகவில்லை, எப்படியோ ஏறிவிட்டேன். அதிலிருந்து பாலம் இல்லாத வழியாகத்தான் சுற்றிப் போகிறேன், இப்போதெல்லாம் அதுவும் வேண்டாம் என்று ஆட்டோ பிடித்துவிடுகிறேன். இந்தப் பயம் போகுமா, இல்லை ஆட்டோமேட்டிக் வாங்குவதுதான் வழியா?

டாப்கியர்_தம்பி:
ஆட்டோமேட்டிக் வாங்குங்க அக்கா. இந்த டிராஃபிக்கில் கிளட்ச் மிதித்து என்ன பரிசா கொடுக்கப் போகிறார்கள்?

பழைய டிரைவர்:
தம்பி, அவசரப்படாதே. விலை குறைவான ஏஎம்டி வண்டிகளில், அதாவது மேனுவல் கியரையே தானாக மாற்றிக்கொள்கிற ஆட்டோமேட்டிக்கில், ஹில் ஹோல்ட் (சரிவில் வண்டியைச் சில நொடி பிடித்து நிறுத்துகிற வசதி) இல்லாவிட்டால் அதுவும் சரிவில் பின்னால் வரத்தான் செய்யும். அம்மிணி இன்னொரு ஐந்தாறு லட்சம் போட்டுவிட்டு அங்கேயும் பயந்து நிற்கணுமா?

அம்மிணி, ஒன்று கேட்கிறேன். ஸ்கூல் வண்டியில் பழகும்போது சரிவில் நிறுத்தி எடுத்தீர்களா? பெரும்பாலும் இருக்காது. அந்த வண்டிகளில் வாத்தியார் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும், அவர் கால் அதன் மேலேயே இருக்கும். நாம் ஓட்டினோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், பாதி ஓட்டியது அவர். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு அந்தக் கால் இல்லை, அவ்வளவுதான். அதனால் உங்கள் பயத்தில் பாதி நியாயமானது, அந்த வேலையை உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சரிவில் நின்றால் கால் பிரேக்கை நம்பி இருக்காதீர்கள், ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்துவிடுங்கள். இப்போது வண்டி எங்கேயும் போகாது, இரண்டு காலும் உங்களுடையது. முதல் கியர், லேசாக ஆக்சிலேட்டர், கிளட்சை மெதுவாக விடுங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் கனமாகி வண்டி முன்பக்கம் லேசாகத் தூக்கும். அங்கே காலை அப்படியே நிறுத்திவிட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி முன்னால்தான் போகும். ஆஃப் ஆனாலும் பயமில்லை, ஹேண்ட் பிரேக் போடுங்கள், நியூட்ரல், ஸ்டார்ட். பின்னால் இருக்கிறவன் ஹார்ன் அடிக்கட்டும், நம் ஊரில் காலி ரோட்டில்கூட அடிக்கிறார்கள்.

முன் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவில் அதன் பின்சக்கரம் ரோட்டைத் தொடுவது தெரிகிற அளவு இடம் விடுங்கள். முட்டிவிடுவோமோ என்ற பதற்றம் பாதி குறையும்.

வைகைக்கரை:
பழைய டிரைவர் ஐயா சொன்னது கைக்கும் காலுக்கும். மனசுக்கு நான் ஒன்று சொல்கிறேன், ஏனென்றால் என் பயம் வேறு மாதிரி. ரிங் ரோட்டில் ஒரு லாரி உரசிய பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே முடியாமல் இருந்தேன். பயத்துக்குத் தீனி போடுவது நாம் தவிர்ப்பதுதான் என்று கவுன்சிலர் சொன்னார். பாலத்தைச் சுற்றிப் போகும்போது உடனே நிம்மதியாக இருக்கிறது இல்லையா, மூளை அதை 'தப்பித்தோம், அந்தப் பாலம் நிஜமாகவே ஆபத்து' என்று கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாகவே மணி அடிக்கும்.

அதனால் சின்னச் சின்னப் படியாக ஏறச் சொன்னார். பயம் எவ்வளவு என்று பத்துக்கு மார்க் போட்டு, இரண்டு மூன்று மார்க் வேலையிலிருந்து ஆரம்பித்து, அதே இடத்தைத் திரும்பத் திரும்ப, சலிப்பு தட்டுகிற வரை. படபடப்பு வந்தால் பத்திரமான இடத்தில் ஓரம்கட்டி உட்காருங்கள், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீட்டுங்கள். சில நிமிடங்களில் அலை இறங்கும். இறங்கிய பிறகு அன்றைக்கு நினைத்த இடம் வரை போய்விட்டுத் திரும்புங்கள். அந்த உச்சத்திலேயே வீட்டுக்கு ஓடிவந்தால் பழைய கணக்குதான் நிற்கும். பதற்றத்துக்கு யாராவது மாத்திரை கொடுத்தால் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள், தூக்கம் வரும்.

விபத்துக்குப் பிறகு கெட்ட கனவு, அந்தக் காட்சியே கண்ணுக்குள் வருவது என்று ஒரு மாதத்துக்கு மேல் போனால் அது பழகிச் சரியாகிற விஷயம் இல்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணும் (அரசின் மனநல உதவி எண்) இலவசம், தமிழிலேயே பேசலாம்.

சிங்காநல்லூர்க்காரி:
ஐயா கேட்டது சரி, சரிவில் ஒரு தடவைகூட நிறுத்தி எடுக்கவில்லை. எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் பழகலாமா? வீட்டுக்காரர் கூட வருகிறேன் என்கிறார்.

பழைய டிரைவர்:
பேஸ்மென்ட் வேண்டாம். மேம்பாலத்தைவிட அது செங்குத்து, இரண்டு பக்கமும் சுவர், கீழே யார் வண்டி வரும் என்றும் தெரியாது. காலியான தெருவில் லேசான ஏற்றம் போதும். கால் பழகிய பிறகு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரு சின்னப் பாலம். அவினாசி ரோட்டு நீளப் பாலம் எல்லாம் அப்புறம்.

டாப்கியர்_தம்பி:
அண்ணனைக் கூட்டிக்கொண்டு போகாதீங்க அக்கா, அவருக்குத்தான் முதலில் பயம் போகணும் 😄

வைகைக்கரை:
தம்பி விளையாட்டாகச் சொன்னாலும் நிஜம். கத்துகிறவர் பக்கத்தில் இருந்தால் கண் ரோட்டில் இருக்காது. டிரைவிங் ஸ்கூலிலேயே சில வகுப்பு கூடுதலாகக் கேளுங்கள், ஆனால் உங்கள் காரில், வாத்தியார் காலடியில் எதுவும் இல்லாமல். சரிவு மட்டும் பழக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் நேர் ரோட்டில் ஓட்டவிட்டே நேரத்தை முடித்துவிடுவார்கள்.